மேல்வீட்டுக்காரர் இறங்குகிற இடம்

மேல்மாடியில் குடியிருந்த சுமைக்காரர், கோபம் தலைக்கேறிய ஒரு மத்தியானம், நின்ற இடத்திலேயே தரை வழியாகக் கீழ்வீட்டுக்குள் இறங்கிவிட்டார். தரையில் கீறல் விழவில்லை, சிமெண்டுத் தூள்கூட உதிரவில்லை. அந்த வாரம் வாடகை ஏறியிருந்ததால் தெருவில் வாடகையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கோபத்துக்குக் காரணம் கீழ்வீட்டுத் தையல் மெஷின். அவருக்குக் கிடங்கில் இரவு வேலை. விடிய விடிய லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு வந்து பகலில்தான் கண்ணயர வேண்டும். கண் சொருகும் நேரம் பார்த்துக் கீழே தடதடவென்று மெஷின் ஓடத் தொடங்கும். தூக்கம் கெட்டு, நின்றபடியே கண் அசந்து, மூட்டையைக் கூட்டாளியின் காலில் போட்டுவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்த எரிச்சலோடு, "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று எழுந்து தரையை ஓங்கி உதைத்தவர்தான், அப்படியே உள்ளே போய்விட்டார்.

தையல்காரி மிதிப்பதை நிறுத்தாமல், "வாங்கண்ணே, கதவு தெறந்துதானே இருக்கு?" என்றாள்.

"கதவு கெடக்கட்டும். மனுஷன் தூங்க வேணாமா? அப்படி என்னம்மா தைக்கிற, ஊருக்கே சட்டையா?"

கேட்டுவிட்டுத்தான் பார்த்தார். ஊசியில் நூலும் இல்லை, அடியில் துணியும் இல்லை, வெறும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூலைக் கட்டிலில் அவள் புருஷன் வாயைத் திறந்து தூங்கினான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிய பெயிண்டர் அவன். எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி, அந்தச் சத்தத்துக்கு மட்டும் அடங்கியது.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க தரையத்தான் இடிச்சீங்க. என்னன்னு கேட்டீங்களா?"

அவள் தண்ணீர் குடிக்கக் காலை எடுத்தாள். கட்டிலில் கிடந்தவன் முகம் கசக்கிய துணியாகச் சுருங்கி, முனகல் கிளம்பியது. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் விழுங்கிக்கொண்டு சுமைக்காரர், "குடிச்சிட்டுச் சீக்கிரம் மிதிம்மா" என்றார்.

திரும்பும்போது படி ஏறித்தான் போனார். சண்டை போடாமல் வந்ததைக் கேட்ட மனைவி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றும் மறுநாளும் சத்தம் குறையவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒருவன் தூங்குகிறான் என்று தெரிந்த பிறகு, அவருக்கும் எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மூடியது.

மழைக்காலத்தில் ஒருநாள் சத்தம் சட்டென்று நின்றதும் விழித்துக்கொண்டார். கீழே பெயிண்டர் அலறினான். தையல்காரிக்கு முழங்கால் வீங்கிக் காலை மடக்க முடியவில்லை. சட்டையைத் தேடி எழுந்தவருக்குத் தரை மறுபடி வழிவிட்டது. இந்தத் தடவை அவர் மனசில் கோபம் துளியும் இல்லை என்று மனைவி பிற்பாடு எல்லாரிடமும் அடித்துச் சொன்னாள். இறங்கிய வேகத்தில் உட்கார்ந்து மிதித்தார்.

"பின்பக்கமா மிதிக்கிறீங்கண்ணே!"

"இதுக்கு மூட்டையே தேவலம்மா."

மெஷின் ஒழுங்குக்கு வந்தது. அலறல் முனகலாகி, முனகல் மூச்சானது. சாயங்காலம் படியிறங்கி வந்த மனைவி பார்த்தபோது, கட்டிலில் பெயிண்டரும் பாயில் தையல்காரியும் தூங்கினார்கள். மெஷின்மேல் தலை சாய்த்துச் சுமைக்காரரும் தூங்கினார். கால்கள் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு ஒரு மூட்டைகூட அவர் கையைவிட்டு நழுவவில்லை.

வருஷங்கள் போயின. இன்றைக்கும் அந்த வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டால், பெயிண்டர் கட்டிலில் இருந்தபடியே சொல்கிறான்:

"கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அது மேல்வீட்டண்ணன் எறங்குற எடம்."