குருவையாவுக்கு இடம் போதவில்லை

வருஷக்கணக்கில் தாங்கும் என்று சொன்னது நீதான். வேறு யாரும் சொல்லவில்லை. போன் கடையில் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "அறுபத்து நாலு ஜிபியே அண்ணாச்சிக்கு ஜாஸ்திக்கா" என்று நீ சொன்னதைக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இப்போது மழுப்பாதே.

எங்கள் ஊரில் இறந்துபோகிறவர்கள் காரியத்தன்று போனுக்குள் வருவார்கள். அதுவரை வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருப்பார்கள். அதனால் காரியத்துக்குள் போன் வாங்கிவிடுவது வழக்கம். பந்தலுக்குச் சொல்லி, சமையலுக்குச் சொல்லி, அப்படியே ஒரு நடை போய்ப் போனையும் வாங்கி வந்துவிடுவார்கள். துக்க வீட்டு ஆட்களை முகத்தை வைத்தே உன்னைப் போன்றவர்கள் கண்டுகொள்வார்கள்.

சந்தனமாரியையும் கண்டுகொண்டாய். அவள் காலிச் சாக்கு வியாபாரி. பருப்பு மில்லிலும் மளிகைக் கடையிலும் காலிச் சாக்கை வாங்கி, கிழிசல் தைத்து, தரம் பிரித்து விற்கிறவள். எவனும் அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டாள். கற்ற பிறகு அவளை ஏமாற்ற ஊரில் ஆள் இல்லை. வாய் அப்படி. இறந்துபோன அவளுடைய புருஷன் குருவையா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். வாயே திறக்க மாட்டார்.

நீ கேட்டாய்: "யாருக்குக்கா போனு?"

"வீட்டுக்காரருக்கு."

"எவ்வளவு பேசுவாரு?"

"பேசவே மாட்டாரு. சோறு போதுமான்னு கேட்டா தலைய ஆட்டுவாரு. இன்னும் வேணுமான்னு கேட்டாலும் அதே மாதிரிதான் ஆட்டுவாரு. நானாப் புரிஞ்சுக்கணும்."

"கோவம் கீவம்?"

"அதெல்லாம் என்னோட டிப்பார்ட்மெண்ட்டு."

"பாட்டு?"

"சீட்டி கூட அடிக்க மாட்டாரு."

நீ தலையை ஆட்டிக்கொண்டாய். "அப்ப நூத்தி இருபத்தெட்டு எதுக்குக்கா? எடம் சும்மா கெடக்கும். இது போதும். வருஷக்கணக்கா வரும்."

"வருஷக்கணக்குன்னா? ஒரு வருஷமும் கணக்குத்தான், இருபது வருஷமும் கணக்குத்தான். எதச் சொல்ற நீ?"

"ஒங்க காலம் முழுக்க வரும். போதுமா?"

அப்புறம் அவள் விலைக்கு வந்தாள். நீ வியர்த்துப்போனாய். கேட்ட விலைக்குக் கொடுத்து, பின்னட்டையும் மேல்கண்ணாடியும் சும்மா கொடுத்து, ஒரு பையும் கொடுத்து அனுப்பினாய். அழுத கண்ணோடு வந்தவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து போனாள்.

ஒன்றை மட்டும் நீ அவளிடம் சொல்லவில்லை. உன் அப்பாவும் வாய் திறக்காத மனுஷன்தான். அவருக்கு மட்டும் கடையில் இருந்ததிலேயே பெரிய போனாக எடுத்துக்கொண்டாயே, ஏன்? உனக்குத் தெரியும். பேசித் தீர்த்தவர்கள் போனுக்குள் போய்த் தூங்குவார்கள். பேசாதவர்கள்தான் ஆரம்பிப்பார்கள். சின்னப் போன் தேங்கிக் கிடக்கிறது என்று அவள் தலையில் கட்டிவிட்டாய்.

அவள் மேலும் தப்பு இருக்கிறது என்பாய். இருக்கட்டும். எந்தச் சாக்கையும் உள்பக்கம் புரட்டிப் பார்க்காமல் வாங்காதவள், இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்ற மனுஷனை வெளியில் இருந்தே எடை போட்டுவிட்டாள்தான். ஆனால் தொழில் தெரிந்தவன் நீ அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

காரியத்தன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருக்கும்போது குருவையா வந்தார்.

"மாரி," என்றார். "அந்த மீட்டர் பெட்டிக்குள்ள ஒரே பல்லி."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "கடிச்சுச்சா?" என்று கேட்டாள்.

"கடிக்கல. பேச்சுத் தொணையா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. எத்தனையோ வருஷமாகச் சாம்பாரில் அவள் போடும் வெல்லம் தனக்குப் பிடிக்காது என்றார். அவளுக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இரண்டு கட்டி கூடப் போட்டாள். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கலாம் என்றார். மழைக்கு ஒதுங்கிய ஒரு நாள், சாக்கைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு அவள் நின்ற அழகை, சாக்கின் மேல் அச்சடித்திருந்த அரிசி மில்லின் பெயர் முதற்கொண்டு சொன்னார். அவள் சாக்குத் தைத்தபடியே கேட்டாள். கோணி ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

"இதையெல்லாம் அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ பேசிக்கிட்டிருந்த. நடுவுல எதுக்குன்னு இருந்துட்டேன்."

போன் நிறைய ஆரம்பித்தது. அறுபத்து நாலு என்று பெட்டியில்தான் எழுதியிருந்தது. உள்ளே போனுக்கே ஒரு பங்கு போய்விட்டது. அது போக, மாதா மாதம் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு பெருத்தது. ஒவ்வொரு முறை பெருக்கும்போதும் குருவையா நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு சீட்டாட்டம் வாங்கும்போதே உள்ளே இருந்தது. அதைக் கிளப்பவே முடியவில்லை. "நாலு பேரு எந்நேரமும் ஒக்காந்து சீட்டு விளையாடுறானுக மாரி. கால நீட்ட முடியல," என்றார் குருவையா. அவள் அந்த நாலு பேரையும் திட்டினாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் எழுந்து போகவில்லை.

சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களை எல்லாம் அழித்தாள். கொஞ்ச நாள் தாங்கியது. மெமரி கார்டு வாங்கிப் போட்டாள். அதில் குருவையாவின் அசையாத பாகங்கள் மட்டும் போயின. மீசை போனது, கல்யாணச் சட்டை போனது, வண்டிக் கைப்பிடியில் வைத்த கை போனது. குரல் போகவில்லை.

பெரிய போனாக மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் உன்னிடம் வந்தாளே, நினைவிருக்கிறதா? "மாத்தலாம்க்கா, ஆனா அண்ணாச்சி இன்னொரு தடவ சாகணும்," என்றாய். நியாயம்தான். காரியம் ஒருவருக்கு ஒருமுறைதானே. அவள் போய்க் குருவையாவிடம் கேட்டாள். "ஒரு தடவையே ஒனக்குச் செலவு இழுத்து விட்டுட்டேன்," என்று அவர் மறுத்துவிட்டார்.

அடுத்த வீட்டு ஜெயசீலி டீச்சரிடம் பெரிய போன் இருந்தது. உயிரோடு இருந்தபோதே பேசித் தீர்த்துவிட்ட டீச்சரின் கணவர் அதற்குள் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, முக்கால்வாசி இடத்தைச் சும்மா வைத்திருந்தார். குருவையா பேசியதில் பாதியை அங்கே அனுப்பி வைத்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சந்தனமாரி நினைத்தாள். டீச்சரும் சரி என்றார். அனுப்பினாள்.

மறுநாள் அவள் போனபோது டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மடியில் போன். அதற்குள்ளிருந்து டீச்சரின் கணவர், தன் கனத்த குரலில், மழையில் முக்காடு போட்டு நின்ற அழகைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வீட்டுக்குப் போன வார்த்தை அந்த வீட்டுக்காரர் குரலில்தான் வரும்.

"மாரி, இவரு என்னைய ஒரு தடவ கூட இப்படிச் சொன்னதில்ல மாரி."

"நல்லாச் சொல்றாரு டீச்சர்."

"அந்த அரிசி மில்லு எதுன்னு மட்டும் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது."

"மழையில யாரு டீச்சர் அதெல்லாம் பாப்பாங்க?" என்றாள் சந்தனமாரி. திருப்பிக் கேட்கவில்லை. கிழிந்த சாக்கைக்கூடச் சும்மா கொடுக்காதவள், அதை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. அவள் வெயிலில் சாக்கு உதறிக்கொண்டிருந்தாள். "மாரி, ஒன்னு சொல்லணும்," என்றார் குருவையா. "மத்ததெல்லாம் சும்மா. இத ஒன்னத்தான் நெசமாவே சொல்லணும்னு இருந்தேன். நீ வந்து…"

அதோடு நின்றுவிட்டது. இடம் இல்லை, எதையாவது அழிக்கவும் என்று போன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது.

அவள் பேத்தியின் படங்களை அழித்தாள். போன் போதாது என்றது. அவருடைய பேச்சில் கை வைக்க வேண்டியதாயிற்று. வெல்லத்தை அழித்தாள். பச்சைக் கதவை அழித்தாள். ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அழித்தாள். பல்லியை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டாள். குருவையா ஒவ்வொரு முறையும் "மாரி, நீ வந்து…" என்று தொடங்கி, அதே இடத்தில் நின்றார்.

கடைசியில் உள்ளே ஒன்றுதான் மிச்சம். "மாரி" என்று அவர் கூப்பிடுவது. அவள் யார் என்பது அவருக்கு அதை வைத்துத்தான் தெரியும். அதை எடுத்தால் இடம் கிடைக்கும் என்றது போன்.

அவள் போனோடு பேரம் பேசினாள். பாதிப் பெயரை எடுத்துக்கொள் என்றாள். வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்றாள். சீட்டாடுகிற நாலு பேரில் ஒருத்தனையாவது அனுப்பு என்றாள். போன் அதே கேள்வியைக் காட்டிக்கொண்டு நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் படியவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமல் அவளால் இருக்கவும் முடியவில்லை. முந்தானையால் விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினாள்.

குருவையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யம்மா, வணக்கம். நீங்க யாருன்னு தெரியல. எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும்."

"சொல்லுங்க," என்றாள்.

"என் பொண்டாட்டி சாக்கு யாவாரம் பாக்குறா. வெல படியலன்னா கோவிச்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்து போயிருவா. யாவாரி பின்னாலயே கூப்பிடட்டும்னுதான் அப்படிப் போறது. எனக்கும் தெரியும். ஆனா ஒவ்வொரு தடவையும், நெசமாவே போயிட்டான்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தோணிரும். வண்டியப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பேன். அவ திரும்பி வந்து வண்டியில கை வச்சாத்தான் மூச்சு வரும். யாவாரிதான் கூப்பிடுறான்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. நானும் உள்ளுக்குள்ள கூப்பிட்டுக்கிட்டேதான் நின்னேன். இத அவகிட்ட சொல்லணும்."

அவள் உதறிய சாக்கை நாலாக மடித்து வைத்தாள்.

"யம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன். வேற ஏதும் சொல்லணுமா?"

"அவ்வளவுதாம்மா. அவளப் பாத்தா சொல்லிருங்க. அவ பேரு… நாக்கு நுனியிலதான் இருக்கு, வரமாட்டேங்குது."

"எனக்குத் தெரியும். சொல்லிர்றேன்."

"நல்லா இருப்பீங்கம்மா," என்றார் குருவையா. அத்தோடு போன் நிறைந்துவிட்டது.

சந்தனமாரி வாக்குக் கொடுத்தால் தவற மாட்டாள். பெயரை அழித்ததிலிருந்து அந்த யம்மா ஒருத்தி, மாரி ஒருத்தி என்று ஆகிவிட்டதால், மறுநாள் காலையிலேயே சந்தனமாரியைத் தேடிக் கிளம்பிவிட்டாள். முதலில் வீட்டுக்குப் போனாள். பூட்டியிருந்தது. டீச்சரிடம் விசாரித்தாள்.

"மாரியா? இப்பத்தான மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல," என்றார் டீச்சர்.

பருப்பு மில்லுக்குப் போனாள். மில் கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "வந்துச்சும்மா. நாலு சாக்குக்கு நாப்பது பேச்சு பேசிட்டு, கட்டாதுன்னு போயிருச்சு. அந்தா, முக்குத் திரும்புது பாருங்க."

அவள் ஓடிப் பார்த்தாள். தெரு முக்கில் சந்தனமாரியின் சேலைத் தலைப்பு மட்டும் திரும்பி மறைந்தது. "மாரி! ஏ மாரி!" என்று கத்தினாள். பஜார் இரைச்சலில் கேட்கவில்லை. சந்தனமாரியின் நடை வேகம் ஊருக்கே தெரிந்ததுதான். இவளுக்கோ காலில் செருப்புக்கூட இல்லை.

எண்ணெய்க் கடையில் கேட்டதற்கு, "இப்பத்தான் போறாங்க," என்றார்கள். டீக்கடையில் அவள் குடித்த கிளாஸ் இன்னும் சூடாக இருந்தது. "எங்க போறேன்னு சொன்னாளா?" என்று இவள் கேட்டாள்.

"போன் கடைக்குங்க. அவன உண்டு இல்லன்னு ஆக்கிட்டுத்தான் மறுவேலைன்னு போச்சு."

ஆகவே முதலில் ஒருத்தி வருவாள். வந்து உன்னைப் பிடித்து உலுக்குவாள். எதிர்த்துப் பேசாதே, வாங்கிக்கொள். கடைசியில் பேச்சு ஒத்துவராமல் விறுவிறுவென்று படி இறங்குவாள். அப்போது சும்மா நின்றாய் என்றால் பார், அப்புறம் உன்னோடு நான் பேச மாட்டேன். கூப்பிடு. மேசையைத் தாண்டித் தெருவில் இறங்கி, அவள் திரும்புகிற வரைக்கும் கூப்பிடு. திரும்பி வந்ததும் ஏசி காற்று படுகிற நாற்காலியில் உட்கார வை. இன்னொருத்தி வெறுங்காலோடு பஜார் வெயிலில் வந்துகொண்டிருக்கிறாள். அவள் வந்து சொல்லி முடிக்கும்வரை இவளை எழுந்திருக்க விடாதே. வருஷக்கணக்கில் தாங்கும் என்று சொன்னவன் நீ. இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்து கொடு.