பதில் போட்ட டாக்டர்

அப்பா கூடத்தில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தார். மூச்சை இழுத்தார், நிறுத்தினார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மூன்றாவது விரலிலேயே இருமல் வந்துவிட்டது.

“மூச்சு விடறதுக்குக்கூடப் பாடம் படிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

“நீ சும்மா இரு. டாக்டருங்க சொன்னது.”

முப்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். மூக்கில் கட்டிய கைக்குட்டைதான் அவருக்குப் பாதுகாப்பு. நுரையீரல் கெட்டு மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு ஏறும் பதினெட்டுப் படிகளில் இரண்டு இடத்தில் நிற்பார். இந்த மாதம் ஐந்து இடத்தில் நிற்கிறார்.

“என்னப்பா இது புதுசா?”

“மூணு வாரமா செய்றேன். எனக்குத்தான் சரியா வரமாட்டேங்குது.” எழுந்து உட்கார்ந்து செல்போனை நீட்டினார்.

‘தீராத மூச்சுத்திணறலை வீட்டிலேயே சமாளிக்க ஏழு வழிகள். எழுதியது: மருத்துவக் குழு.’

மருத்துவக் குழு என்பது நான்தான்.

அறிவியல் பட்டம் வாங்கிய ஆறு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த இணையதளத்துக்கு எழுதுகிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கட்டுரை. எழுதுவது என்றால், நான்கு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கியங்களை மாற்றிப் போடுவது. வீட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். இந்தக் கட்டுரைக்குத் தலைப்பில் ஏழு என்று போட்டாகிவிட்டது, கிடைத்தது ஆறு. ஏழாவதைத் தூக்கம் வராதவர்களுக்கான ஒரு பக்கத்திலிருந்து எடுத்தேன். அதற்குத்தான் நல்ல படம் இருந்தது என்று எங்கள் தள ஆசிரியர் அதை முதலாவதாக்கினார். நேராகப் படுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள்.

“சந்தேகம்கூடக் கேட்டேன். டாக்டரே பதில் போட்டிருக்கார், பாரு.” அவர் குரலில் ஒரு பெருமை.

பக்கத்தின் அடியில் ‘பழைய பெயின்டர்’ என்ற பெயரில் அவர் கேள்வி இருந்தது. ‘ஐயா, படுத்து மூச்சை நிறுத்தினால் நெஞ்சை அடைக்கிறது. சரியாகத்தான் செய்கிறேனா?’

அதன் கீழே பதில். ‘தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும். விடாமல் தொடருங்கள். நலமுடன் வாழ்க!’

எல்லாருக்கும் ஒட்டுவதற்காக நான் எழுதி வைத்திருந்த வரி அது.

“இதை விட்டுடுங்கப்பா. தப்பா இருக்கும்போலத் தோணுது.”

“டாக்டரைவிட உனக்குத் தெரியுமாக்கும்!” சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மறுநாள் விடுப்பு எடுத்து அவரை மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்மணியிடம் அழைத்துப் போனேன். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டதும், அப்பா சமர்த்தாகக் கட்டிலில் ஏறி நேராகப் படுத்துக் காட்டினார்.

“ஐயையோ, எழுந்திருங்க சார். யாரு சொன்னா இதை?”

“நெட்ல போட்டிருந்தாங்கம்மா. டாக்டருங்க.”

“அந்த டாக்டரை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்க. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்.”

அப்பாவை நாற்காலியில் முன்னால் சாய்த்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றவைத்தார். “உங்களுக்குக் காத்து உள்ள போறதைவிட வெளிய வர்றதுலதான் சிக்கல். பழைய காத்து போகாம இருக்கும்போது மேல மேல அடைச்சா எப்படி? மூக்கால இழுங்க. வாயைக் குவிச்சு, சூடான டீயை ஊதுற மாதிரி மெதுவா விடுங்க. நிறுத்தவே வேணாம்.”

இதே விஷயத்துக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படம் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

“அவங்க சரியாத்தான் எழுதியிருப்பாங்க. அவ்வளவு படிச்சவங்க. எனக்குத்தான் புரியல போல” என்றார் அப்பா, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“எழுதினது நான்தான்” என்றேன். “டாக்டர் யாரும் இல்ல. அந்தப் பதிலும் நான் போட்டதுதான்.”

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். சொல்வதாக இருந்த நாலு வார்த்தையில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அப்பா சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். வாயைக் குவித்து நாலைந்து முறை ஊதினார். பிறகு கேட்டார்.

“நான் கேட்டதைப் படிச்சப்ப, அது நான்தான்னு உனக்குத் தெரியலையா?”

“படிக்கலப்பா. பதில் மட்டும் போட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எனக்குக் கீழ நிறையப் பேர் கேட்டிருந்தாங்க” என்றார். “ஒரு லாரி டிரைவர். அப்புறம் யாரோ ஒரு பொண்ணு, அவங்க அம்மாவுக்காக.”

செல்போனில் அலுவலகக் கணக்கைத் திறந்தேன். ஆசிரியரைக் கேட்காமல் முதல் வழியை நீக்கினேன். தலைப்பில் ஏழு அப்படியே நின்றது. கேள்விகள் இருநூற்றுப் பதினான்கு. முதல் தடவையாகப் படிக்கத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் கீழே அதே வரி, அதே வாழ்க.

லாரி டிரைவருக்கு ‘மன்னியுங்கள், நாங்கள் சொன்னது தவறு’ என்று அடித்தேன். கீழே ‘மருத்துவக் குழு’ என்று தானாக விழுந்தது. அழித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார்.

“மன்னிப்பெல்லாம் அப்புறம்” என்றார், மூச்சுக்கு நடுவே. “முதல்ல அந்த ஆளை எழுந்து உக்காரச் சொல்லு.”