போட்டாச்சு

எனக்குள் ஒரு தலைவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குள் இருப்பவர் பிறந்ததிலிருந்து கண் மூடியதே கிடையாது. சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். "அவரு கொஞ்சம் தூங்கினா நாங்க நிம்மதியா இருப்போம்" என்பாள்.

ரொட்டி ஆலையில் காலை ஷிப்டுக்கு நான் சூப்பர்வைசர். மாவு பிசைவதில் தொடங்கி அடுப்பில் ஏற்றுவது வரை பதினோரு பேர் எனக்குக் கீழே. எங்கள் முதலாளி எங்கேயோ போய் யாருடைய பேச்சையோ கேட்டுவிட்டு வந்து, சூப்பர்வைசர்களுக்கு மூன்று சனிக்கிழமை தலைமைப் பண்புப் பயிற்சி என்று அறிவித்தார். எனக்கு எதற்கு? கேட்க வாய் துடித்தது. ஆனால் மேலாளர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை அதில் யார் உட்காரப்போவது என்று முதலாளி சொல்வாராம். போட்டியில் நானும் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசரும். அந்த மனிதர் அட்டைப்பெட்டியிடம்கூட "கொஞ்சம் நகர்றியா" என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவார். அவரெல்லாம் எனக்குப் போட்டியா!

இரண்டாவது சனிக்கிழமை பயிற்சியாளர் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். "ஒரு வாரம், உங்க ஆளுங்ககிட்ட நீங்க பேசறத அப்படியே நேரத்தோட எழுதுங்க. மெருகு போடாதீங்க. அடுத்த சனிக்கிழமை அதுல ஒரு பக்கத்த எல்லார் முன்னாடியும் படிக்கணும். நீங்க யாருன்னு உங்களுக்கே அப்பத்தான் தெரியும்."

நான் யார் என்று எனக்குத் தெரியாதா? தெரியாதவர்கள் எழுதட்டும். எனக்கு வேலை இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை காலை அந்த நோட்டைக் கொண்டுபோய்க் கடிகாரத்திடம் கொடுத்தேன்.

கடிகாரம் என்பது எங்கள் பதிவு எழுத்தர். அடுப்பின் சூடு, மாவின் சூடு, எத்தனையாவது கலவை, எல்லாவற்றையும் நிமிடம் பிசகாமல் எழுதுவாள். அவள் தும்மினால் அதற்கும் நேரம் குறித்திருப்பாள் என்று ஆலையில் சொல்வார்கள்.

"நான் பேசறதையெல்லாம் நீ எழுதும்மா. ஒரு வார்த்தை விடாத" என்றேன்.

"அப்படியேவா சார்?"

"அப்படியே."

"நல்லா யோசிச்சுக்கோங்க சார்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் சுயபரிசோதனை. அத எப்படிச் செய்யணும்னு எனக்குத் தெரியாதா?"

தலைவர் என்றால் வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரிய வேண்டும் என்று முதல் சனிக்கிழமைதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டேன் பாருங்கள்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். கடைசி நாள் திரையில் போட்டுக் காட்ட எனக்கு ஒரு படம் தேவைப்பட்டது. குழுவோடு குழுவாக, வேலையோடு வேலையாக நிற்கும் தலைவர். நானே யோசித்த தலைப்பு. எல்லோரையும் பிசையும் இயந்திரத்துக்கு முன்னால் கூட்டி நிறுத்தி, கடிகாரத்தின் கையில் போனைக் கொடுத்து, பத்துப் பதினைந்து படம் எடுக்கவைத்தேன். நன்றாக வந்தது.

அன்று வெளியே போன ரொட்டியில் அறுநூற்று நாற்பது, வியாழக்கிழமை காலை திரும்பி வந்தது. உப்பு இல்லை. குறைவாக இருக்கிறது என்றால்கூடப் பேசிச் சமாளிக்கலாம். துளிகூட இல்லை. வெளுத்துப்போய், அட்டையைத் தின்பதுபோல இருந்தது. கடைக்காரர்கள் போனிலேயே முதலாளியை வறுத்தெடுத்தார்கள். அவர் என்னை வறுத்தார். நான் நேராகப் பெரியக்காவிடம் போனேன்.

பெரியக்கா பத்தொன்பது வருஷமாகப் பிசையும் இயந்திரத்தில் இருப்பவர். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். ஆலையில் முதலாளியின் மகன்வரை எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தாள் உண்டு. மாவு, தண்ணீர், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு. ஒவ்வொன்றையும் கொட்டியதும் அதற்கு நேரே டிக் போட வேண்டும். புதன்கிழமைத் தாளில் உப்புக்கு நேரே டிக் இருந்தது. கீழே பெரியக்காவின் கையெழுத்து இருந்தது. உப்புதான் இல்லை.

"உப்பு போடாம எப்படி டிக் போட்டீங்க?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்கதானே கூப்ட்டீங்க."

"நானா? எப்போ?"

"போட்டோவுக்கு. அப்போ நீங்கதான் சொன்னீங்க…"

"தப்பு பண்றதும் பண்ணிட்டு என் தலையில கட்டறீங்களா? நாம ஒரு குழுவா இருக்கோம், பொறுப்பா இருக்க வேண்டாமா?"

எனக்கு நிஜமாகவே நினைவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பொய் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். கவனக்குறைவு என்று முதலாளிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெரியக்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சனிக்கிழமை வந்து நீக்கக் கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லியாயிற்று. உறுதியான முடிவு, உடனடி நடவடிக்கை. பயிற்சிக் கையேட்டில் நாலாம் பக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை கடிகாரம் நோட்டைக் கொடுத்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி அதைப் பிரித்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"யாரு எழுதினது இது? அந்தப் பொண்ணுக்குக் கோயிலே கட்டலாம்!"

"எடு இங்க."

"இருங்க, இருங்க. 'திங்கள், 7.10. மூட்டை வந்திருக்கு, நாம இறக்கிடலாம். நாற்பது மூட்டை. நா.சா. இறக்கியது: இல்லை.' 'செவ்வாய், 6.55. இன்னைக்கு நாம இந்தத் தரையத் தேய்ச்சுடணும். நா.சா. தேய்த்தது: இல்லை.' அதென்னங்க நா.சா.? நாசமாப் போன சார்னு இருக்குமோ?"

"பாராட்டினது ஏதாவது இருக்கா பாரு. நாளைக்கு அதத்தான் படிக்கணும்."

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இருக்கு, இருக்கு. 'செவ்வாய், 2.15. சபாஷ், பிரமாதம்.'"

"பார்த்தியா!"

"முழுசாப் படிக்க விடுங்க. 'கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சொன்னது.'"

அவள் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

புதன், 8.47. பெரியக்கா கையில் உப்பு டப்பா. நா.சா.: "அத இங்க குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். வேலை செய்யற மாதிரி இருக்கும்." டப்பாவுடன் படம் எடுக்கப்பட்டது. 8.52. அடுத்த படத்துக்காக நா.சா. கலவைத் தாளில் உப்புக்கு நேரே டிக் போட்டார். டப்பாவை அலமாரியில் வைத்தார். 8.53. பெரியக்கா: "உப்பு?" நா.சா.: "அதெல்லாம் நாம போட்டாச்சு, நீங்க மெஷின ஓட்டுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் டிக்கைச் சொன்னேன். அவர் உப்பு என்று நினைத்துக்கொண்டார். பின்னே எப்படி நினைப்பார்? டப்பாவைக் கையில் வைத்திருந்தவன் நான். "போட்டாச்சு" என்றவன் நான். எதைப் போட்டேன், யார் போட்டது, ஒன்றும் கிடையாது. போட்டாச்சு. அவ்வளவுதான். இப்போது எல்லாம் கண் முன்னால் வந்தது. டப்பா கனமாக இருந்ததுகூட நினைவு வந்தது. கை வலிக்கிறது, சீக்கிரம் எடு என்று கடிகாரத்தை விரட்டியிருக்கிறேன். அதையும் எழுதியிருந்தாள்.

"இந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டா?" என்றேன்.

"கிழிங்க. 'வெள்ளி, 6.40. கிழித்தது'ன்னு நானே எழுதித் தரேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "அந்தம்மாவுக்கு இந்த வயசுல இனிமே யாருங்க வேலை குடுப்பா?"

நான் கிழிக்கவில்லை. உத்தமன் என்பதால் இல்லை. கடிகாரம் நகல் வைத்திருப்பாளோ என்று பயம். நாளைக்கு வேறு ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நாற்காலியை வாங்கிக்கொண்டு, அப்புறம் மேலாளராக இருந்து பெரியக்காவுக்கு ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அப்புறம் என்று ஒரு நாள் இருக்கிறதே, அது என்னைப்போன்ற நல்லவர்களுக்காகவே படைக்கப்பட்டது.

சனிக்கிழமை கூட்ட அறைக்கு வெளியே மர பெஞ்சில் பெரியக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஆலை கொடுத்த வெள்ளை ஏப்ரனும் தொப்பியும். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஏப்ரனை இவ்வளவு வெள்ளையாக நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பாதி எழுந்ததுதான் என்னைக் கொன்றுவிட்டது.

கதவருகே கடிகாரம் நின்றிருந்தாள். "நா.சா.ன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"நாம சார், சார். எல்லாரும் உங்கள அப்படித்தான் சொல்வாங்க. ஒரு வார்த்தை விடாம எழுதச் சொன்னீங்களே, அதான் சுருக்கிட்டேன்."

உள்ளே என் முறை வந்தது. திரையில் படம் விழுந்தது. ஆள் உயரத்துக்கு நான். வாயெல்லாம் பல். இரண்டு கையிலும் நீல டப்பா. அதன்மேல் 'உப்பு' என்று கொட்டை எழுத்தில், கடைசி வரிசைக்குக்கூடத் தெரிகிற மாதிரி.

"தலைவர்னா இப்படி இறங்கி வேலை செய்யணும்!" என்றார் பயிற்சியாளர். கை தட்டினார்கள். முதலாளிகூடத் தட்டினார். பேக்கிங் சூப்பர்வைசர் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார், அசடு.

நோட்டைத் திறந்தேன். திங்கள் வேண்டாம், அதில் மூட்டை. செவ்வாய் வேண்டாம், கண்ணாடி. வியாழன் பெரியக்காவைத் திட்டியது. வெள்ளி முழுக்க அடுப்புக்காரரைத் திட்டியது. ஒரு வாரம், அறுபது பக்கம், வெளியே எடுத்துக் காட்ட ஒரு வரி இல்லை. என்னைப்பற்றி நான் இத்தனை வருஷம் வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவுக் கண்ணாடி வழியே அந்தப் பிளாஸ்டிக் பை தெரிந்தது.

புதன்கிழமையைப் படித்தேன். 8.47, 8.52, 8.53. முதலாளி திரையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப உப்பு?"

"தப்பு நடந்துடுச்சு சார்."

"நடந்துடுச்சா? அது என்ன, தானா நடந்து வந்துச்சா? யாரு பண்ணினது?"

"நாம சார்… கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்."

"நாமன்னா? நானும் சேர்த்தியா?"

யாரோ சிரித்தார்கள். ஒரே ஓர் எழுத்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வாய் வரவில்லை. நல்ல காரியத்துக்கெல்லாம் ஓடி வந்து முன்னால் நிற்கிற சொல், கூப்பிட்டபோது வர மாட்டேன் என்கிறது. தண்ணீர் குடித்தேன்.

"நான்" என்றேன். "நான்தான் சார். பெரியக்கா மேல தப்பே இல்ல. நான் எழுதிக் குடுத்தது பொய்."

நாற்காலி பேக்கிங் சூப்பர்வைசருக்குப் போனது. உட்காருவதற்கு முன் அதனிடமும் அனுமதி கேட்டிருப்பார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். பெரியக்காவின் கடிதத்தை முதலாளி என் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். கிழித்ததும் எனக்கு மனம் லேசாகிவிட்டது. வெளியே போகும்போதே அடுத்து நடக்கப்போவதையும் யோசித்துவிட்டேன். அவர் கண் கலங்குவார். "உங்க பெரிய மனசு சார்" என்பார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டுவேன். பார்த்தீர்களா, அடி வாங்கிய சூடு ஆறவில்லை, அதற்குள் எனக்குள் இருக்கும் நம்மவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பெரியக்கா, திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க. உள்ள எல்லாம் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்னு அந்த நோட்டுலயே இருந்துச்சு."

அவர் கண் கலங்கவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை நான் சொன்னேனே சார்."

"எனக்கு நினைவில்ல பெரியக்கா. சத்தியமா."

"உங்களுக்கு நினைவில்ல, சரி. எனக்கு நினைவு இருந்துச்சே. பத்தொன்பது வருஷமா உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருப்பேனா? நான் சொன்னா நம்ப முடியல, நோட்டு சொன்னாத்தான் நம்புவீங்களா?"

நோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

அவர் எழுந்தார். "நாங்க டீ குடிக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, "வா" என்றார். நாங்கள். நாம் இல்லை. அந்தச் சொல்லுக்குள் நான் நிற்க ஓர் அங்குலம் இடம் இருக்கவில்லை.

கடிகாரம் உடனே நகரவில்லை. எழுதுவதை நிறுத்தச் சொல்ல நான் மறந்துவிட்டிருந்தேன். என் கையிலிருந்த நோட்டை மெதுவாக வாங்கி, சுவரைப் பார்த்து நேரம் குறித்து, ஒரு வரி எழுதி, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியக்கா பின்னால் ஓடினாள்.

சனி, 11.42. பெரியக்கா கேட்டார். நா.சா. பதில் சொல்லவில்லை.