பின்னறையில் ஒரு டிரம் கடல்

என் கணவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். அதே பத்து மணிக்கு நான் வீட்டில் நின்று மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது அவருடைய உத்தரவு.

"கடல் தண்ணி ரெடியா கலக்கி வச்சிருக்கேன்" என்றார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. "நாளைக்கு மாத்தலன்னா பவளமெல்லாம் போயிடும்."

"உங்க நெஞ்சைத் திறந்து வச்சிருக்கற நேரத்துல நான் வாளியத் தூக்கிட்டு நிக்கணுமா?"

"இங்க வந்து என்ன பண்ணப் போற? அக்கா இருப்பா, பாத்துக்குவா."

அந்தத் தொட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதைவிடக் கண்ணாடியைப் பார்த்துப் பேசியதே அதிகம். உள்ளே உயிரோடு வளரும் பவளங்களும் பதில் பேசுவதில்லை. அதனால்தான் பிடித்திருக்கிறதோ என்னவோ.

பின்னறையில் இரண்டு நீல டிரம்கள் உண்டு. ஒன்றில் வடிகட்டிய நல்ல தண்ணீர். இன்னொன்றில் உப்பு கலந்த தண்ணீர். அதற்குள் சின்ன பம்ப் ஒன்று ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடாமல் நின்றால் தண்ணீர் செத்துவிடும் என்பார். தண்ணீருக்கு உயிர் உண்டென்று இவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அந்த இரண்டாவது டிரம் பின்வாசலில் கவிழ்ந்து கிடந்தது. ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார், அவருடைய அக்கா, பக்கத்திலேயே நின்றாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"ஆளில்லாத ரூம்ல மோட்டார் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. தண்ணிய வாயில வச்சுப் பாத்தேன், ஒரே கரிப்பு. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன். டிரம்மக் கழுவ சோப்பு எங்கம்மா வைக்கிறீங்க? தேடித் தேடிப் பாத்தேன்."

"அண்ணி, அது கடல் தண்ணி."

"வீட்டுக்குள்ள எதுக்கும்மா கடல் தண்ணி?"

நானே இத்தனை வருடமாகக் கேட்டுவரும் கேள்வி. கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

"அதுக்கென்ன, சமையல் உப்பப் போட்டுக் கலக்கிடலாம்" என்றாள். முறைத்தேன். மீன்களுக்காக நான் ஒருவரை முறைத்தது அதுவே முதல் முறை.

மீன் தொட்டிக்கென்றே கடையில் விற்கும் உப்பு ஒரு வாளி நிறைய இருந்தது. அவர் கலக்கும்போது ஒருநாளும் நான் நின்று பார்த்ததில்லை. ஆனால் நான் பேக்கரி நடத்துகிறவள். கலப்பதைப் பற்றி எனக்கு யார் வந்து சொல்ல வேண்டும்? மாவை முதலில் கொட்டி, நடுவில் குழி பறித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அப்படியே செய்தேன். மாவுக்குப் பதில் உப்பு, அவ்வளவுதான்.

தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்தது. பம்ப்பைப் போட்டுப் பார்த்தேன். தெளியவில்லை. அடியில் கையை விட்டால் நறநறவென்று என்னவோ, கரையவே மாட்டேன் என்றது. அவர் ஆசையாக வளர்த்ததெல்லாம் என் கையால் போய்விடும், அது போனால் அவரும்... அந்த நினைப்புக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனாலும் பயந்தேன். அவருக்குப் போன் போட்டேன்.

"வெள்ளையா இருக்குங்க."

"எத முதல்ல போட்ட?"

"உப்பு."

"மாவு பிசைஞ்சிருக்க" என்றார். "தண்ணியிலதான் உப்பப் போடணும். உப்புல தண்ணிய ஊத்தினா திரிஞ்சுடும். கொட்டிடு."

"கொட்டிட்டா காலையில பவளம் போயிடுமே."



"போகாது. முந்தாநாள்தான் மாத்தினேன்."

"அப்புறம் எதுக்கு என்னை..."

"நீ வராண்டாவுல உக்காந்து ஆபரேஷன் தியேட்டர் கதவையே பாத்துட்டிருப்ப. அத நெனச்சுக்கிட்டு என்னால உள்ள போக முடியாது. வாளியத் தூக்கிட்டிருந்தா என்னைத் திட்டிட்டிருப்ப. அது தேவல."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். நடுவில் அழுதேன். அதற்கும் 'ம்' தான்.

பிறகு டிரம்மைக் கழுவி, தண்ணீரை முதலில் ஊற்றி, பம்ப்பை ஓடவிட்டு, உப்பைப் பிடிப் பிடியாகப் போட்டேன். நாத்தனார் வாளியைப் பிடித்துக்கொண்டாள். போட்ட உப்பெல்லாம் மறைந்து, கடைசியில் அடி தெரிந்தது. மூடி வைத்தால் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும் என்பார். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். வாளி தூக்கக் கூடாதென்பார்கள். தூக்க நான் இருக்கிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னை அதிகாரம் பண்ணட்டும்.

டிரம்மை மூடினேன்.

"நாளைக்கு நீங்க வீட்டுல இருங்க அண்ணி. பம்ப்ப மட்டும் நிறுத்திடாதீங்க."

"நீ எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு. அந்தக் கதவப் பாக்கணும்."