யாருக்கும் இல்லாத பெயர்

மூன்றாவது ஆர்டர் சீட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதே பெயர்!

குழந்தைகளின் துண்டில் பெயர் தைத்துக் கொடுக்கும் கடை அது. எட்டு வருடமாக எம்பிராய்டரி மெஷின் அவள் பொறுப்பு. எந்தப் பெயர் ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதெல்லாம் அத்துப்படி. போன வருடம் முழுக்க வானம், மேகம், மழை. இந்த வருடம் இரண்டெழுத்தைத் தாண்டினால் பெற்றவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது.

அதனால்தான் தன் வயிற்றில் இருந்த ஏழு மாதக் குழந்தைக்கு, யாருக்கும் இல்லாத பெயர் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் புள்ளியாகக் கிடந்த ஒரு குட்டித் தீவின் பெயர். கணவனைத் தவிர யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இப்போது ஒரே வாரத்தில் மூன்று பேர்! ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது.

சாப்பாட்டு வேளையில் கணவனுக்குப் போன் போட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. யார்கிட்ட உளறினீங்க?"

"நானா? அந்தப் பேரை உன்கிட்டயே சத்தமா சொல்ல பயமா இருக்கு. விடேன், வேற பேரா இல்ல?"

"இல்ல!"

போனை வைத்தபிறகும் மனசு குடைந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு ஊசி உடைந்தது. துணி வெட்டும் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஊசி மேல என்னம்மா கோபம்?"

"அண்ணே, நாம மனசுல நினைக்கிறது வெளிய கேக்குமா?"

"என் பொண்டாட்டிக்குக் கேக்கும். மத்தவங்களைப் பத்தித் தெரியல."

மறுநாள் நான்காவது ஆள் வந்தான். தலையில் ஹெல்மெட், வாயில் அதே பெயர். அவள் விடவில்லை.

"இந்தப் பேர் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? உங்க கடைக் கண்ணாடியிலதானே தொங்குது! என் வீட்டுக்காரி பஸ்ல போறப்ப பாத்தா. அன்னையிலேர்ந்து வீட்ல இதே பேச்சுதான்."

அவள் தெருவுக்கு ஓடினாள். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன், "ஏதோ ஒரு பேரைப் போட்டு மாதிரிக்கு மாட்டிவை" என்று முதலாளியம்மா சொன்னபோது, யோசனை எங்கோ இருக்க, விரல் தனக்குத் தெரிந்ததை அடித்துவிட்டது. அவள் வந்துபோவது பின்வாசல் வழியாக. கடைக்குள்ளிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் துணி. தெருவுக்கோ கொட்டை கொட்டையாய் எழுத்து. தன் ரகசியத்துக்குத் தானே கடை விரித்திருக்கிறாள்!

உள்ளே வந்து துண்டை வெடுக்கென்று உருவினாள். மறுநிமிஷமே, மேடிட்ட வயிற்றுடன் ஒரு பெண் தன் அம்மாவை இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"அக்கா, இங்க ஒரு பேர் தொங்கிட்டிருந்ததே, அது வேணும்."

அவள் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஒன்றையாவது தடுத்துவிடலாம்.

"அதுவாம்மா? ஏற்கெனவே நாலு குழந்தைக்குப் போயாச்சு. நாளைக்கு ஸ்கூல்ல ஒரு தடவை கூப்பிட்டா நாலும் திரும்பும். உனக்கு எதுக்கு அது?"

அந்தப் பெண்ணின் முகம் வாடவில்லை. மாறாக மலர்ந்தது.

"நாலு பேரா? பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல! இப்ப இதுதான் ஓடுதாம். அக்கா, ரெண்டு துண்டாவே போட்டுடுங்க."

அவர்கள் போனதும் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். வேறு பெயர் யோசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எதுவுமே வயிற்றில் இருந்ததோடு ஒட்டவில்லை. வெளியே யாரோ பைக்கை நிறுத்தும் சத்தம். சட்டென்று அடுக்கிலிருந்து புதுத் துண்டு ஒன்றை உருவி, சட்டத்தில் மாட்டி, பட்டனைத் தட்டினாள்.

"இது யாருக்கும்மா?" என்றார் அண்ணன்.

"எனக்கு."

"அதான் அஞ்சு பேர் ஆயிடுச்சே!"

"ஆறாவதாவது ஆகிடறேண்ணே. ஓடிப் போய்க் கதவைப் பிடிங்க, ஆள் வருது."