கிரேக்கக் களத்தில் ஆள் பற்றாக்குறை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மனை எண் நூற்றுப் பதினேழில் கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிரேக்க விவசாயியின் வீடு கிடைத்தது. அத்தனை கடல் தாண்டி அது எப்படி இங்கே வந்தது என்று முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் நிறைந்த தண்ணீரை எப்படி இறைப்பது என்ற பேச்சு வந்ததும் முதல் கேள்வி அப்படியே நின்றுபோனது. முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர், நடுவில் முற்றம், மூலையில் ஒரு சதுரக் கோபுரத்தின் அடிப்பகுதி, தேனீ கூடு கட்டுவதற்காக உட்புறம் கீறிவிட்ட நீள மண் குழாய்கள், கிழக்கே தட்டைக்கல் பாவிய வட்டமான கதிரடிக்கும் களம். இவ்வளவுதான் வீடு. சென்னையிலிருந்து அகழாய்வுக்கு வந்த ஜெனிபர், மண்ணைத் தூரிகையால் தள்ளிச் சுத்தம் செய்ய ஆறு பேரை வைத்துக்கொண்டாள். அதில் கன்னியம்மாவும் ஒருத்தி.

கன்னியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. அதே சுற்றுவட்டாரத்தில் கூலிக்கு நாற்று நட்டவள். நிலமெல்லாம் ஆலையான பிறகு ஓர் இரும்புக்கம்பி ஆலையில் பதினேழு வருடம் பெருக்கினாள். கணவன் பாக்கியநாதன் இறந்துவிட்டான். மகன் இம்மானுவேல் புனேயில் வெல்டர். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்பதற்காகவே டிவியை அணைக்காமல் வைத்திருந்தாள்.

ஜெனிபருக்கு ஒரே குழப்பம். இந்த வீட்டில் ஆட்கள் தங்கினார்களா, அல்லது ஊரிலிருந்து வந்து வேலை முடித்துத் திரும்பினார்களா? கிரேக்க நாட்டிலேயே இப்படித் தனியாகக் கிடக்கும் வீடுகளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்றாள்.

"தங்கனாங்க மேடம்," என்றாள் கன்னியம்மா, தூரிகையை நிறுத்தாமல்.

"எப்படிம்மா சொல்றீங்க?"

"சுத்தி நெலம் பூரா ஒடஞ்ச ஓடு பொறுக்கனோமே. ஊட்டுக் குப்பைய சாணியோட சேத்து எருவா கொட்டுனாத்தான் அப்டி செதறும். வந்துட்டுப் போறவனுக்கு ஏது மேடம் குப்பை? நானும் பதினேழு வருசம் கம்பெனிக்குப் போய்க்கினு இருந்தேன். அங்க நான் இருந்தேன்னு சொல்ல ஒரு ஓடு கெடக்குதா?"

ஜெனிபர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

சித்திரை பிறந்ததும் களத்தில் கதிரடிப்பு தொடங்கியது. பிற்பகலில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல்காற்று ஏறும். உடனே கற்களின் மேல் வைக்கோல் நொறுங்கும் சத்தம் கேட்கும். பார்லித் தாள் வட்டமாகச் சுழலும். உமி கிளம்பி, எளாவூர் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிகளின் தார்ப்பாய் வரைக்கும் போய்ப் படியும். வேலை நடந்தது, செய்கிற ஆட்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜெனிபர் காற்றின் வேகத்தைக் குறித்தாள். கன்னியம்மா மூன்று நாள் பார்த்துவிட்டு, ஓர் ஆள் குறைகிறது என்று கண்டுகொண்டாள். அள்ளித் தூற்ற ஆள் இருந்தது. ஓரத்தில் நின்று முறத்தால் புடைக்க ஆள் இல்லை. தானியமும் பதரும் கலந்தே குவிந்தன. நாலாம் நாள் வீட்டிலிருந்து முறம் கொண்டுவந்து களத்தில் ஏறினாள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குவியல் மட்டும் அவள் பக்கம் சரிந்து கொடுத்தது. அவள் தண்ணீர் குடிக்க நின்றால் காற்றும் நின்றது.

வைகாசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பதினோரு நாள் படுத்துக் கிடந்தாள். கதவை யாரும் தட்டவில்லை. இம்மானுவேல் போனில், "டாக்டருகிட்ட போம்மா," என்றான். பன்னிரண்டாம் நாள், சுவரைப் பிடித்து நடக்கிற தெம்பு வந்ததும், ரயிலேறிப் போனாள்.

"நீங்க வராத நாள்லேர்ந்து ஒண்ணுமே நடக்கலம்மா," என்றாள் ஜெனிபர். "காத்து அடிக்குது. ஒரு உமி எழும்பல."

தூற்றாத பார்லி, அன்றைக்கு விட்டபடியே இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. களத்தின் ஓரத்தில் கன்னியம்மா நிற்கும் கல்லில் மட்டும் ஒரு மணி கூட விழாமல், பெருக்கி வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரே சத்தம்.

"இன்னா இது? ஒரு ஆளு வரலன்னா வேலைய அப்டியே உட்டுருவீங்களா? மழ வந்தா இத்தினியும் மொளச்சிப் பூடாது? எடுங்க, எடுங்க!"

பாக்கியநாதன் போன பிறகு அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததே இல்லை. அடுத்த மனையில் கிரேன் ஓட்டியவர் எட்டிப் பார்த்தார். உமி எழும்பியது.

ஜெனிபரின் குழு எல்லாவற்றையும் வரைந்து, படமெடுத்து, மணல் போட்டு மூடிவிட்டுப் போனது. தை மாதத்துக்குள் கிடங்கு எழும்பியது. சித்திரையில் கான்கிரீட் தளத்தை ஊடுருவி வழக்கம்போல் உமி வந்தது. கிடங்கு மேலாளர் எழிலரசன் இரண்டு நாள் எரிச்சல்பட்டு, மூன்றாம் நாள், கிழக்கு மூலையில் ஆறு வாரத்துக்குச் சரக்கு அடுக்கக் கூடாது என்று பலகை மாட்டினார். முறத்தோடு வாசலில் வந்து நின்ற கன்னியம்மாவுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். தூசிக்கு மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

இது நாலாவது வருடம். மதியத்தில் அவள் கிடங்கு வாசலில் பாயை விரித்து ஓர் ஓரமாக உட்காருவாள். சற்று நேரத்தில் களத்துச் சத்தம் நின்று, பாயின் மறுபக்கம் மெல்ல அமுங்கும்.

"இப்டி நவுந்து உக்காரு, அங்க வெயிலு அடிக்குது," என்று சொல்லி, கருவாட்டுக் குழம்பு டப்பாவை நடுவில் தள்ளி வைப்பாள்.