தேடாமல் பார்ப்பது

ஓடிப்போன மகளைத் தேடிப் போகக் கூடாது என்று பவுலினாவிடம் மாதா மேல் சத்தியம் வாங்கியிருந்தான் அவள் புருஷன் அருள்ஜோசப். மகள் வின்சி கட்டிக்கொண்டது தளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் மணிகண்டனை. முருகன் கோயிலில் தாலி ஏறியதோடு, பெற்றவர்கள் வீட்டில் அவள் பேச்சே இல்லாமல் போயிற்று.

சத்தியம் சத்தியம்தான். ஆனால் பெத்த வயிறு சும்மா இருக்குமா? தேடித்தானே போகக் கூடாது, எதிரே வந்தால் பார்க்கலாமே என்று பவுலினா ஒரு சந்து கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காய் வாங்கும் சாக்கில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தளி பஸ் வரும் இடத்தில் நிற்பாள். மாதாவையே ஏமாற்றுகிறோமோ என்ற பயம் மட்டும் விட்டபாடில்லை.

அவள் வேலை செய்யும் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் ஆங்கில வகுப்பு வைத்தார்கள். ஒருநாள் ரேவதி மிஸ் போர்டில் 'ரன் இன்டு' என்று எழுதினாள்.

"ஓடறதுன்னு நெனச்சிக்காதீங்க. ஒருத்தரை எதேச்சையா எதிர்ல பாக்கறது. தேடிப் போய்ப் பாத்தா இந்த வார்த்தையச் சொல்லக் கூடாது."

பவுலினாவுக்கு உயிர் வந்தது. வெள்ளைக்காரனே இதற்கென்று தனியாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறான் என்றால், இது பாவமாக இருக்க முடியாது. அன்றிரவு ஜெபமாலையோடு அதையும் சேர்த்து உருட்டினாள்.

அடுத்த ஞாயிறு தளி பஸ்ஸிலிருந்து வின்சியே இறங்கினாள். மாசமாக இருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! என்னயத் தேடித்தான வந்த?"

ஆமாம் என்ற சொல் பவுலினாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மறுபடி மகளின் வயிறு கண்ணில் பட்டது. சத்தியம் மீறிய பாவம் அந்தப் பிஞ்சு தலையில் விடிந்தால் என்ன செய்வது?

"இல்ல கண்ணு, காய் வாங்க வந்தன். எதேச்சையா உன்னயப் பாத்துட்டன்."

வின்சி காய்ப் பையைப் பார்த்தாள். கை தானாக விலகியது.

"தளியில ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கினு நிப்பன்மா, எங்கம்மா தேடிக்கினு வரும்னு. ஒருவாட்டி கூட உனக்குத் தோணலல்ல?"

அவள் திரும்பிப் பாராமல் கூட்டத்துக்குள் நடந்தாள். ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம், எட்டும் தூரம்தான். ஆனால் ஓரடி எடுத்து வைத்தாலும் அது தேடிப் போனதாகிவிடும். பையை இறுக்கிப் பிடித்தபடி பவுலினா அங்கேயே நின்றாள்.